கோட்டை ஸ்டேஷனில் இறங்கிய பல்வலி

கன்னத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே ஒரு பக்கம் சாய்த்தவாறு, யாரோடும் பேச மனமின்றி மின்சார ரயிலின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கண்டால், அவர் எந்த ஸ்டேஷனில் ஏறினார் என்பதைக் கவனிக்காதவர்கள்கூட, எந்த ஸ்டேஷனில் இறங்கப் போகிறார் என்பதைச் சொல்லிவிடக்கூடிய காலம் ஒன்று தாம்பரம் மார்க்கத்தில் இருந்தது. காய்ச்சலும் இருமலும் கண்டவர் பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போவார். பல் நோவு கண்டவரோ இன்னும் ஒரு ஸ்டேஷன் பொறுத்திருந்து கோட்டையில் இறங்குவார். அரசாங்கப் பல் மருத்துவமனை அந்த ஸ்டேஷனுக்கு எதிரிலேயே அமைந்தது தற்செயலான காரியந்தான் எனினும், தென்புறத்துச் சிற்றூர் மக்களின் வாயும் பல்லும் பற்றிய சரித்திரத்தை எழுதப் புகுபவன் அந்த இருப்புப் பாதையின் ஓரமாகவே நடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே அந்நாளில் இருந்த 29 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1928-இல், டாக்டர் சௌரி முத்து தூய காற்றையே முதல் மருந்தாகக் கருதிக் காசநோயாளருக்கென ஒரு சானடோரியத்தைத் தாம்பரத்தில் நிறுவியிருந்தார். 1937-இல் அதனை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டிடையே குடிபுகுந்தது. நுரையீரலைப் பேண நகரத்தார் இவ்வூருக்கு வந்தார்கள்; பல்லைப் பேண இவ்வூரார் நகரத்துக்குப் போனார்கள். இந்த எதிரெதிர்ப் பிரயாணம் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலத்துக்கு நடைபெற்றது.

ரயிலுக்கு முந்திய காலத்தில், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை என்று ஏரிக்கரைதோறும் அமைந்திருந்த கிராமங்களில் பல்லைத் துலக்குவதற்கு வேண்டிய சாதனங்கள் யாவும் வீட்டு வாசலிலேயே கிடைத்தன. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்ற பழமொழியை அறியாத குழந்தை இல்லை. வேப்பங்குச்சியை மென்று துலக்குவோர் ஒரு சாரார். அடுப்புச் சாம்பல், உமிக்கரி, செங்கற்பொடி, உப்பு இவற்றுள் ஏதேனும் ஒன்றை விரலால் தொட்டுத் தேய்ப்போர் மற்றொரு சாரார். குச்சியின் நாரும் துவர்ப்பும் ஈறுக்கு நன்மை செய்தன. செங்கற்பொடியோ, அழுக்கைத் தேய்த்ததோடு நில்லாமல் பல்லின் மேற்பூச்சான எனாமலையும் தேய்த்து, முதுமையில் பல் கூச்சத்தை வருவித்தது. நஞ்சன்கூட்டுப் பற்பொடியும் கோபால் பற்பொடியும் சிறு பொட்டலங்களாய் மளிகைக் கடைகளில் தொங்கத் தொடங்கிய பிறகுதான், வாயைச் சுத்தம் செய்வதற்கும் காசு கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் கிராமத்தார் மனத்தில் ஏறிற்று.

பல்லில் நோவு வந்தால் அதற்குக் காரணம் புழு என்பதே அக்காலத்து நம்பிக்கை. இதனை நம்மவரின் அறியாமை என்று இகழ்வதற்கில்லை. சுசுருத சம்ஹிதை வாய் நோய்களை 65 என்று வகைப்படுத்தி, அவற்றுள் ஒன்றுக்குக் கிருமிதந்தம் என்றே பெயரிட்டிருக்கிறது. பாபிலோனியர் முதல் ஐரோப்பியர் ஈறாகப் பல ஜாதியாரும் பல்லைத் துளைக்கும் புழு ஒன்று உண்டென்றே நம்பி வந்தனர். நம் நாட்டில் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, எழும் புகையைப் புனல் வழியாகச் சொத்தைப் பல்லில் படச் செய்வார்கள். அதே காரியத்தை இங்கிலாந்தில் ஹென்பேன் என்னும் செடியின் விதையைக் கொண்டு செய்தார்கள் என்பதும், அவ்விரண்டு செடிகளும் கத்திரிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும் வியக்கத்தக்க ஒற்றுமை. ஹென்பேன் விதை சூட்டில் வெடிக்கும்போது வெளிப்படும் வெண்ணிற முளை, பார்ப்பதற்குப் புழுவைப் போலவே இருக்கும்; ஆகவே புகையிட்ட பாத்திரத்தைக் காட்டி, "இதோ விழுந்தது" என்று சொன்ன வைத்தியனும் கேட்ட நோயாளியும் ஒருங்கே ஏமாந்தார்கள் என்று கொள்ளலாம். 1728-இல் பாரிஸில் பல் வைத்தியத்துக்கென்றே ஒரு பெருநூல் இயற்றிய பியேர் ஃபோஷார், தாம் எவ்வளவு தேடியும் அந்தப் புழுவைக் காணவில்லை என்று எழுதினார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாயில் தங்கும் மாவையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து, அதில் பிறக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது என்பதை 1890-இல் மில்லர் என்னும் அமெரிக்கர் பெர்லினில் இருந்துகொண்டு விளக்கிய பின்னரே புழு முற்றிலும் மறைந்தது. எனினும், "பல்லைப் பூச்சி தின்றுவிட்டது" என்ற பேச்சு மட்டும் நம் நாவில் இன்னும் மறையவில்லை.

புகைக்கும் அடங்காத வலிக்கு ஒரே உபாயம் பிடுங்கி எறிவது. கிராமத்தில் அந்தக் காரியத்தைச் செய்தவர் பெரும்பாலும் நாவிதர். கத்தியையும் குறட்டையும் கையாளப் பழகிய அந்தச் சமூகத்தாருக்குத் தமிழ்நாட்டில் மருத்துவர் என்றே பெயர் வழங்கியதும், ஐரோப்பாவிலும் நெடுங்காலம் முடி திருத்துவோரே ரண வைத்தியராயிருந்ததும், தொழிலின் பூர்வீகம் எங்கும் ஒன்றே என்பதைக் காட்டும். நகரத்திலோ வேறொரு வகையார் இருந்தனர். சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து புறப்பட்டு இந்திய நகரங்களில் குடியேறிய சில குடும்பங்கள், தந்தையிடமிருந்து மகன் என்ற முறையில் பல் கட்டும் தொழிலைக் கற்றுச் சென்னையிலும் கடை வைத்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் சிரிக்கும் பல் செட்டைப் பார்வைக்கு வைத்த அந்தச் சீன வைத்தியர் கடைகள், பட்டம் பெற்ற டாக்டர்கள் அருகியிருந்த நாளில், பல் போன பலருக்கும் புகலிடமாயிருந்தன.

பிடுங்குவோர் யாராயினும், பிடுங்கப்படுவோரின் அனுபவம் ஒன்றாகவே இருந்தது. இருவர் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தலையை அமுக்க, மரத்துப் போகச் செய்யும் மருந்து எதுவுமின்றி வேரோடு இழுக்கப்படும் பல்லின் வேதனையைக் கண்ட ஒரு சிறுவன், அதைத் தன் பேரனுக்குச் சொல்லாமல் விடுவானோ? பல் வைத்தியம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் இன்றும் நம் உள்ளங்கை வியர்ப்பதற்குக் காரணம், நாம் அனுபவித்த வலியன்று. நம் பாட்டனார் அனுபவித்த வலி. அது குடும்பச் சொத்தைப் போலக் கைமாறி வந்திருக்கிறது.

வலியைப் போக்கும் முயற்சியிலும் பல் வைத்தியர்களே முன்னோடிகள் என்பது பலர் அறியாதது. 1846 அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஈதரைச் சுவாசிக்கச் செய்து நோவில்லாமல் ரண சிகிச்சை நடத்திக் காட்டிய வில்லியம் மார்ட்டன் ஒரு பல் வைத்தியர். 1884-இல் கொக்கேன் கண்ணை மரக்கச் செய்யும் என்று கண்டறியப்பட்டதும், அதனை ஊசி வழியாகத் தாடை நரம்புக்குச் செலுத்தும் வித்தை விரைவில் பிறந்தது. ஆனால் கொக்கேன் மனிதனை அடிமையாக்கும் நஞ்சு; ஆகவே 1905-இல் நோவகெய்ன் வந்தது. 1943-இல் ஸ்வீடன் தேசத்து லோஃப்கிரென் உண்டாக்கிய லிக்னோகெய்ன் அதனையும் விஞ்சி, இன்றளவும் தாம்பரத்து மருத்துவரின் ஊசிக்குழலில் அரசு செலுத்துகிறது.

மருந்து வந்தால் போதாது. அதைக் கையாளக் கற்றவரும் வேண்டுமன்றோ? 1920-இல் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். 1948-இல் இந்தியப் பல் மருத்துவர் சட்டம் பிறந்தது. பட்டம் பெற்றோரை ஏ பகுதியிலும், பட்டமின்றியே பல்லாண்டுகள் தொழில் செய்து வந்தோரை பி பகுதியிலும் பதிவு செய்துகொண்ட அந்தச் சட்டம், பழைய கைகளை ஒரேயடியாக வெட்டிவிடவில்லை; ஆனால் அவற்றுக்குப் பின் புதிய கைகள் கல்லூரி வழியாகவே வரவேண்டும் என்று விதித்தது. சென்னையில் அந்தக் கல்லூரி வழி திறந்தது 1953-இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பிறந்து, பின்னாளில் தனிக் கல்லூரியாகி, முத்துசாமி சாலையில் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே நிற்கும் அந்த ஸ்தாபனந்தான் இக்கட்டுரையின் முதலில் கண்ட துண்டு கட்டிய மனிதர் சென்று சேர்ந்த இடம்.

அவர் அங்கே கண்டது என்ன? விடியற்காலையில் புறப்பட்டு வந்து ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றபின், முதலில் ஒரு சாய்வு நாற்காலி. சிறு கண்ணாடியும் கூர்முனைக் கம்பியும் கொண்டு வாய் முழுவதையும் பார்வையிடும் ஒரு மாணவர். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் ஓர் ஆசிரியர். "எந்தப் பல் வலிக்கிறது?" என்ற கேள்வியோடு நில்லாமல், சர்க்கரை நோய் உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, இருதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்றெல்லாம் கேட்பார்கள். பல்லுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வியந்தவர் பலர். பிடுங்கியபின் ரத்தம் உறைவதும் புண் ஆறுவதும் உடல் முழுவதையும் பொறுத்த விஷயங்கள் ஆகையால், அக்கேள்விகளுக்கு உண்மையான விடை சொல்வதே நோயாளியின் முதற் கடமை.

பல் பிடுங்கும் முறையும் மாறிவிட்டது. ஊசி குத்தும்போது ஒரு சுருக். சில நிமிஷங்களில் உதடு தடித்துப்போனாற்போல் ஓர் உணர்ச்சி. அதன் பிறகு அழுத்தம் தெரியும், அசைவு தெரியும், சத்தமும் கேட்கும். வலி மாத்திரம் தெரியாது. அழுத்தத்தை வலியென்று எண்ணிப் பதறுவோரே அதிகம். பல் போன குழியில் வைத்த பஞ்சை அரைமணி அல்லது முக்கால் மணி நேரம் இறுகக் கடித்திருக்க வேண்டும்; அன்று முழுவதும் எச்சில் துப்புவதும் வாய் கொப்பளிப்பதும் கூடாது. ஏனெனில், குழியில் உறையும் ரத்தக் கட்டியே இயற்கை இடும் கட்டு. அதைக் கலைத்தால் எலும்பு வெளிப்பட்டு, மூன்றாம் நாளில் பல்வலியைவிடக் கொடிய வலி பிடிக்கும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற அச்சம் நம் தாய்மாரிடையே இன்றும் உண்டு. மேற்பல்லுக்குச் செல்லும் நரம்பு கண்ணுக்குக் கீழாகச் செல்வதால் எழுந்த எண்ணம் போலும் இது. பார்வைக்குரிய நரம்பு முற்றிலும் வேறானது.

சொத்தையை அடைக்கும் கலை இதனினும் சுவையான விருத்தாந்தம் உடையது. 1871-இல் மாரிசன் என்பவர் தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கருவி ஒன்றைச் செய்தார்; மெல்லச் சுழன்று பல்லையும் மண்டையையும் ஒருங்கே அதிரச் செய்த அந்தக் கருவியின் வாரிசுகளே பல பெரியவர்களின் கனவில் இன்றும் வந்து பயமுறுத்துகின்றன. 1957-இல் காற்றழுத்தத்தால் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் தரம் சுழலும் ஏரோட்டர் வந்ததும் அதிர்வு நீங்கிற்று. அதற்குப் பதிலாகக் கீச்சென்ற சத்தமும், சூடு தணிக்கத் தெளிக்கும் நீரும் வந்தன. வெள்ளித் தூளைப் பாதரசத்தோடு குழைத்து அடைத்த காலம் போய், பல்லின் நிறத்திலேயே பசையை வைத்து நீல ஒளியால் இறுகச் செய்யும் காலம் வந்திருக்கிறது. தற்காலிகமாக அடைக்கும் மருந்தில் மட்டும் கிராம்புத் தைலத்தின் வாசனை மாறாமலே இருக்கிறது. பல் நோவுக்குப் பாட்டி கொடுத்த அதே கிராம்பின் சத்தைத்தான் மருத்துவரும் துத்தநாகப் பொடியில் குழைத்து வைக்கிறார். அந்த ஒரு விஷயத்தில் பாட்டிக்கும் மருத்துவருக்கும் வழக்கில்லை.

சொத்தை ஆழமாகிப் பல்லின் உள்ளே இருக்கும் கூழைத் தொட்டுவிட்டால், முற்காலத்தில் பிடுங்குவது தவிர வேறு வழியில்லை. அதிலும் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், கெட்டுப்போன பல்லே உடலின் பல நோய்களுக்கும் ஊற்று என்ற ஒரு சித்தாந்தம் மேல்நாட்டில் எழுந்து, காப்பாற்றக்கூடிய பற்களையும் ஏராளமாகப் பலி கொண்டது. அந்த அலை ஓய்ந்த பிறகே ரூட் கெனால் என்னும் வேர் சிகிச்சை தலை நிமிர்ந்தது. மரக்கச் செய்து, கூழை நீக்கி, மயிரினும் சற்றே பருத்த ஊசிகளால் வேரின் குழாயைச் சுத்தம் செய்து, எக்ஸ்ரே படத்தால் நீளம் பார்த்து, கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் அடைப்பதே அதன் முறை. அந்தக் கட்டாபெர்ச்சா மலேயாக் காட்டு மரமொன்றின் பால்; சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராயிருந்த மாண்ட்கோமரி 1843-இல் அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்ப, அது கடலுக்கு அடியில் செல்லும் தந்திக் கம்பிக்கு உறையாயிற்று, பிறகு பல்லின் வேருக்கு அடைப்பும் ஆயிற்று. இந்தச் சிகிச்சை ஒரே நாளில் முடிந்தாலும் முடியலாம். இரண்டு மூன்று நடையும் ஆகலாம். முடிந்தபின் ஓரிரு நாள் கடிக்கும்போது மெல்லிய நோவு இருப்பது இயல்பு. கூழ் நீங்கிய பல் காய்ந்த கிளையைப் போல எளிதில் பிளக்கும் ஆகையால், அதன்மேல் உறைப் பல் போட்டுக்கொள்வதைச் செலவுக்கு அஞ்சித் தள்ளிப் போடுவது, வேலி கட்டாமல் பயிர் வைப்பதற்கு ஒப்பாகும்.

பல் சுத்தம் செய்வதைப் பற்றியும் ஒரு தவறான அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. காரையைச் சுரண்டினால் பல் ஆடத் தொடங்கும் என்பது அது. உண்மையில் ஈறைத் தின்று பல்லை ஆட்டங்காணச் செய்வது அந்தக் காரைதான். நீக்கிய பிறகு இடைவெளி தெரிவதும் சில நாள் குளிர்ந்த நீர் கூசுவதும், மறைந்திருந்த உண்மை வெளிப்பட்டதற்கு அடையாளங்கள். வெற்றிலை பாக்கும் புகையிலையும் போடும் பழக்கம் உடையவர்களுக்கு, சுத்தம் செய்துகொள்ள மருத்துவரிடம் செல்வதால் இன்னொரு நன்மையும் உண்டு. கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெண்படலத்தையும், வாய் திறக்கவொட்டாமல் இறுகும் சதையையும் முதலில் காண்பவர் பல் மருத்துவரே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனைக்கு, தக்க காலத்தில் ஒருவரை அனுப்பி வைப்பதும் அந்தச் சிறு கண்ணாடியின் வேலைதான்.

எல்லாப் பற்களும் போனவருக்குப் பல் செட்டு இருக்கிறது. கந்தகம் சேர்த்து வேகவைத்த கருஞ்சிவப்பு ரப்பரில் பதித்த பற்கள் போய், 1930-களின் இறுதியிலிருந்து ஈறின் நிறமுடைய அக்ரிலிக் வந்தது. புதிதாகப் போட்டவருக்கு முதல் சில நாள் எச்சில் ஊறும், பேச்சில் சகரம் சீறும். மென்மையான உணவைச் சிறு துண்டுகளாக இருபுறமும் மென்று பழகினால் இரண்டு மூன்று வாரங்களில் அந்நியம் நீங்கும். ஸ்வீடன் தேசத்து பிரோனமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகாணியைப் பதித்துப் பல் கட்டிய பிறகு, இழந்த பல்லை எலும்பிலேயே ஊன்றவும் வழி பிறந்தது. ஆனால் எலும்பு உலோகத்தைத் தழுவிக்கொள்ளச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும்.

இவை யாவும் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரிலேயே நின்றுவிடவில்லை. பள்ளிக்கரணையிலும், வண்டலூரை அடுத்த ரத்தினமங்கலத்திலும், கடலோரத்து உத்தண்டியிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. அவற்றிலிருந்து ஆண்டுதோறும் வெளிவந்த இளம் மருத்துவர்கள் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் சேலையூரிலும் மாடிப்படியோரங்களில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். தாம்பரம் சானடோரியம் பகுதியில் 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் திறக்கப்பட, கருவேலம்பட்டையும் திரிபலாவும் நாடுவோருக்கும் அருகிலேயே இடம் கிடைத்தது. 2021-இல் தாம்பரம் ஒரு மாநகராட்சியாயிற்று. வலியை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் பிரயாணம் செய்த ஊர், இப்பொழுது நான்கு தெருவுக்கு ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

நாற்காலி வந்துவிட்டது, நாம் தாம் இன்னும் ரயிலிலேயே இருக்கிறோம். கூச்சம் தோன்றிய நாளில் போகாமல், வலி வந்த நாளிலும் போகாமல், கன்னம் வீங்கித் தூக்கம் கெட்ட மூன்றாம் நாள் போகும் வழக்கத்தை, பத்து நிமிஷ நடையில் மருத்துவர் இருக்கும்போதும் நாம் விடவில்லை. போனதும் நாம் கேட்பது என்ன? "பேசாமப் பிடுங்கிடுங்க டாக்டர்." அவர் சொல்வது என்ன? "ஏம்மா, வேர் நல்லா இருக்கே, காப்பாத்திடலாம்மா." ஒரு காலத்தில் பிடுங்க வேண்டாமென்று கெஞ்சியவர் நோயாளி, பிடித்து அமுக்கிப் பிடுங்கியவர் வைத்தியர். இன்று பிடுங்கும்படி வற்புறுத்துபவர் நோயாளியாகவும், வேண்டாமென்று தடுப்பவர் வைத்தியராகவும் மாறியிருக்கிறார்கள். குறடு பிடித்த கை ஐம்பது அறுபது ஆண்டுகளில் தன் தொழிலை மாற்றிக்கொண்டுவிட்டது. அதற்கு எதிரே திறக்கும் வாய், இன்னும் பாட்டனாரின் வாயாகவே இருக்கிறது.